ஆறு வீட்டிலிருந்து நாற்பது வீட்டுக்கு: இட்லி மாவு விற்கத் தொடங்குவோருக்கு

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். இப்போது வாரம் நாற்பது வீடுகளுக்குப் போகிறது. முதல் நான்கு மாதம் ஆறு வீட்டைத் தாண்டவில்லை. மாவு அரைக்கவும் விலை போடவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். வியாபாரத்தை எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையம்) இணையம் வழியாகவே பதியலாம். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60 வெள்ளி.

1. நடந்து போய்க் கொடுக்கக்கூடிய வீடுகளில் தொடங்குங்கள்

முகநூல் பக்கம் இப்போதைக்கு வேண்டாம். கிள்ளானிலிருந்து ஒருவர் கேட்டால், அனுப்பும் கூலி மாவு விலையைத் தாண்டிவிடும். நான் எங்கள் கட்டடத்திலேயே பத்து வீடுகளுக்கு, வெள்ளிக்கிழமை மாலை, அரைக் கிலோ மாவு காசு வாங்காமல் கொடுத்தேன். டப்பாவில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். நம் ஊர் வெக்கையில் மாவு மளமளவென்று பொங்கும். மூடியைத் தள்ளிக்கொண்டு குளிர்சாதனப் பெட்டித் தட்டில் வழிந்துவிட்டால் அந்த வீட்டில் மறுபடி வாங்க மாட்டார்கள். மூடியில் அரைத்த தேதியையும் உங்கள் எண்ணையும் ஒட்டுங்கள்.

2. வாட்ஸ்அப் பிசினஸ்

சாதாரண வாட்ஸ்அப்பைவிட இதுதான் வசதி. பொருள் பட்டியலில் படத்தோடு விலை போடலாம். பணம் தந்தவர், தராதவர் என்று வண்ண அடையாளம் இடலாம். டைபாய்டு தடுப்பூசி போட்டதற்கும் உணவு கையாளும் பயிற்சிக்கும் வாங்கிய சான்றிதழ்களை நான் அந்தப் பட்டியலிலேயே படமாக வைத்திருக்கிறேன். குழந்தைகள் உள்ள வீட்டில் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

3. உங்கள் எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 53 பேரைச் சேர்த்து, வாரா வாரம் "நாளை மாவு அரைக்கிறேன்" என்று அனுப்பினேன். பதிலே இல்லை. மாவு புளித்துவிட்டதோ, விலை கூடவோ என்று மனம் நொந்தேன். ஒருநாள் மின்தூக்கியில் எட்டாவது மாடி அக்கா கேட்டார்: "ஏன் தங்கச்சி, மாவு அரைப்பதை நிறுத்திவிட்டாயா?"

அன்றிரவு அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து, அதன் தகவலைத் திறந்து பார்த்தேன். ஒன்பது பேருக்குத்தான் சேர்ந்திருந்தது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்தவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போய்ச் சேரும். மற்றவருக்குச் சேராது, சேரவில்லை என்று உங்களுக்கு அறிவிப்பும் வராது.

அதனால் டப்பாவைக் கையில் கொடுக்கும்போதே, "மாவு என்று என் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள் அக்கா" என்று சொல்லி, அவர் பதியும்வரை நில்லுங்கள். கூச்சப்படாதீர்கள். அடுக்குமாடிக் குழுவில் விளம்பரம் போடுவதை நான் விரும்புவதில்லை. தண்ணீர்த் தடை அறிவிப்புக்கு நடுவே அது காணாமல் போகும், குழுவை நடத்துபவருக்கும் எரிச்சல்.

4. கிழமையை மாற்றாதீர்கள்

புதன் காலை செய்தி, வியாழன் இரவோடு கணக்கு முடிப்பு, வெள்ளி மாலை மாவு. பணம் டுயிட்நவ் கியூஆரில், அதாவது கைப்பேசியில் கட்டத்தை ஸ்கேன் செய்து வங்கிக் கணக்கிலிருந்து கட்டும் முறையில். காலி டப்பாவைத் திருப்பித் தரும் வேளைதான் அடுத்த வீட்டைக் கேட்க நல்ல நேரம்: "உங்கள் மாடியில் வேறு யாராவது இட்லி ஊற்றுகிறார்களா?" என் நாற்பதில் பாதிக்கு மேல் இப்படி வந்தவர்கள்தான்.

பின்சேர்க்கை: எண்ணைச் சேமித்தும் செய்தி வரவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவருடைய வாடிக்கையாளர்களும் வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்தவர்கள். வாட்ஸ்அப்பில் இன்னும் இந்திய எண்ணையே வைத்திருப்பவர்கள். அவர்கள் உங்கள் எண்ணைச் சுழியத்தில் தொடங்கிப் பதிந்தால் வாட்ஸ்அப் அடையாளம் காணாது. சுழியத்தை எடுத்துவிட்டு முன்னால் +60 போட்டுப் பதியச் சொல்லுங்கள். நான் இப்போது டப்பா மூடியிலேயே எண்ணை அப்படித்தான் அச்சடிக்கிறேன்.