தில்லித் தமிழ்ப் பிள்ளைகளின் மேற்படிப்பு: ஒன்பதாம் வகுப்பிலிருந்தே திட்டமிடுவது எப்படி?

தில்லியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளையின் மேற்படிப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்த வாரத்தில்தான் சூடு பிடிக்கிறது. ஆனால் அந்த வாரத்தில் எடுக்க வேண்டியவை என்று நினைக்கும் முடிவுகளில் சில, யாரும் கவனிக்காமலே ஒன்பதாம் வகுப்பில் முடிந்துபோயிருக்கும். பதினொன்றாம் வகுப்பில் எந்தெந்தப் பாடங்களை எடுப்பது, அவற்றை எந்த மாநில எல்லைக்குள் இருக்கும் பள்ளியில் படிப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும், கல்லூரிகளின் சேர்க்கை விதிகளைப் படித்து அங்கிருந்து பின்னோக்கி வந்துதான் விடை காண வேண்டும். இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை என்பதால் அதைச் சற்று விரிவாகவே கூறுகிறேன்.

முதலில் பெயர். சி.பி.எஸ்.இ. வாரியம் ஒன்பதாம் வகுப்பிலேயே மாணவர்களைப் பதிவு செய்கிறது. அப்போது எழுதப்படும் பெயரே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகிறது. நுழைவுத் தேர்வு விண்ணப்பங்கள் அனைத்தும் அந்தச் சான்றிதழில் உள்ளபடியே பெயரைக் கேட்கின்றன. வடநாட்டுப் படிவங்களில் இனிஷியலுக்கு இடமில்லை, குடும்பப் பெயருக்குத்தான் இடம் உண்டு என்பதால், நம் பிள்ளைகளின் பெயர் ஆதாரில் ஒரு விதமாகவும், பள்ளிப் பதிவேட்டில் தந்தை பெயரை விரித்து இன்னொரு விதமாகவும், ஊரில் வாங்கிய சாதிச் சான்றிதழில் முன்னால் இனிஷியலோடு மூன்றாவது விதமாகவும் இருப்பது சாதாரணம். ஒன்பதாம் வகுப்புப் பதிவுக்கு முன்பே ஒரே வடிவத்தைத் தீர்மானித்து, பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றையும் அதற்கேற்பத் திருத்திவிடுங்கள். பிற்பாடு வாரியச் சான்றிதழைத் திருத்துவதற்கு ஆகும் அலைச்சலோடு ஒப்பிட்டால் இது அரை நாள் வேலை.

பத்தாம் வகுப்பில் கணிதத் தேர்வு அடிப்படைக் கணிதம், நிலையான கணிதம் என இரண்டு தரங்களில் நடத்தப்படுகிறது. அடிப்படைத் தாள், மேற்கொண்டு கணிதம் படிக்க விரும்பாதவர்களுக்காக ஏற்படுத்தப்பட்டது. அதை எழுதியவருக்குப் பதினொன்றாம் வகுப்பில் முழுக் கணிதப் பாடம் கிடைப்பது உறுதியில்லை. மதிப்பெண் கூடும் என்பதற்காக மட்டும் அடிப்படைத் தாளைத் தேர்ந்தெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதினொன்றாம் வகுப்புப் பாடத் தேர்வில்தான் உண்மையான கணக்கு தொடங்குகிறது. பொறியியலுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். மருத்துவத்துக்கான நீட் தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் வேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது. இரண்டையும் விட மனமில்லாமல் கணிதத்தையும் உயிரியலையும் சேர்த்தே எடுக்கும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். உண்மையிலேயே இரண்டிலும் ஆர்வம் இருந்தால் எடுக்கலாம். பெற்றோரின் தயக்கம் மட்டுமே காரணம் என்றால் வேண்டாம், ஏனென்றால் இரண்டு நுழைவுத் தேர்வுகளுக்கும் அரைகுறையாகத் தயாராவதில்தான் அது பெரும்பாலும் முடிகிறது. மேலும், பிளஸ் 2 முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் அறிவித்துவிட்டதால், அந்தக் கதவு முற்றிலும் மூடிவிடுவதில்லை.

வணிகவியல், கலைப் பிரிவுகளுக்கு வருபவர்கள் தில்லிப் பல்கலைக்கழகத்தை மனத்தில் வைத்தே பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2022 முதல் அங்கே இளநிலைச் சேர்க்கை கியூட் என்னும் பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்படி நடக்கிறது. பிளஸ் 2 மதிப்பெண், இருவர் சமநிலையில் நிற்கும்போதுதான் பார்க்கப்படுகிறது. 2025 விதிகளின்படி ஒருவர் அதிகபட்சம் ஐந்து பாடங்கள் எழுதலாம். ஒவ்வொன்றிலும் 50 கேள்விகள், 60 நிமிடங்கள், சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 குறைவு. பிளஸ் 2-வில் படிக்காத பாடத்தையும் கியூட்டில் எழுதத் தேர்வு நடத்தும் முகமை அனுமதிக்கிறது, ஆனால் தில்லிப் பல்கலைக்கழகமோ பிளஸ் 2-வில் படித்துத் தேறிய பாடங்களில் எழுதினால்தான் கணக்கில் கொள்கிறது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் விண்ணப்பித்தவர்கள் நல்ல மதிப்பெண் வாங்கியும் விரும்பிய படிப்புக்குத் தகுதியில்லாமல் நிற்க நேரிடும்.

பி.ஏ. பொருளாதாரம் ஆனர்ஸ் படிப்புக்குக் கியூட்டில் கணிதம் கட்டாயம், பி.காம். ஆனர்ஸ் படிப்புக்குக் கணிதமோ கணக்குப் பதிவியலோ ஏதாவது ஒன்று இருந்தால் போதும். ஆகவே வணிகவியல் எடுக்கும் பிள்ளை கணிதத்தை விட்டால் பொருளாதார ஆனர்ஸையும் சேர்த்தே விடுகிறது என்பதைப் பதினொன்றாம் வகுப்பின் தொடக்கத்திலேயே உணர வேண்டும். முழுக் கணிதம் கடினம் என்றால் பயன்பாட்டுக் கணிதம் என்ற பாடம் இருக்கிறது. கியூட்டில் இரண்டும் ஒரே தாளின் கீழ் வருகின்றன. வணிகவியல், சமூக அறிவியல் மாணவர்களுக்காக வகுக்கப்பட்ட அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு பொறியியல் பக்கம் திரும்ப முடியாது. கணினி அறிவியல், தகவலியல் நடைமுறைகள் ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தமிழைப் பற்றி ஒரு சொல். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளிலும் தமிழ் கற்பிக்கப்படுகிறது. மற்றப் பள்ளிகளில் படிப்பவர்களுக்குத் தமிழ் வீட்டோடு நின்றுவிடுகிறது. கியூட் தேர்வின் 13 மொழிகளில் தமிழும் ஒன்று; பிளஸ் 2-வில் தமிழ் படித்தவர் மொழித் தாளாகத் தமிழையே எழுதலாம். மொழித் தாள் என்றாலே ஆங்கிலம் என்று எண்ணாமல், இரண்டிலும் மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்து, எதில் மதிப்பெண் கூடுகிறதோ அதை எடுப்பதே அறிவுடைமை.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தில்லித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், நேதாஜி சுபாஷ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பெண்களுக்கான இந்திரா காந்தி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் 85 சதவீத இடங்கள் தில்லி மாணவர்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. தில்லி மாணவர் என்பதற்கு இங்கே பொருள், தில்லி மாநில எல்லைக்குள் அமைந்த பள்ளியிலிருந்து பிளஸ் 2 தேறியவர் என்பதே; வீட்டு முகவரி கணக்கில் வராது. குரு கோவிந்த் சிங் இந்திரப்பிரஸ்தப் பல்கலைக்கழகத்திலும் இதே 85 சதவீத ஒதுக்கீடு உண்டு. மௌலானா ஆசாத், லேடி ஹார்டிங் போன்ற மருத்துவக் கல்லூரிகளின் தில்லி ஒதுக்கீட்டுக்கோ பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரு வகுப்புகளையுமே தில்லிக்குள் படித்திருக்க வேண்டும்.

மயூர் விகாரில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளையை நொய்டாவில் உள்ள ஒரு நல்ல பள்ளியில் சேர்ப்பது அவர்களுக்கு வசதியானது. பேருந்து வாசலுக்கே வரும். ஆனால் நொய்டா உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தது. அங்கே பிளஸ் 2 முடிக்கும் பிள்ளை, பிறந்ததிலிருந்து தில்லியிலேயே வாழ்ந்திருந்தாலும், இந்தக் கல்லூரிகளில் வெளி மாநில மாணவராகவே 15 சதவீத இடங்களுக்குப் போட்டியிட வேண்டும். குருகிராம், பரீதாபாத், காஜியாபாத் பள்ளிகளுக்கும் இதுவே நிலை. பத்தாம் வகுப்பு வரை எங்கே படித்தாலும், பொறியியலோ மருத்துவமோ குறியாக இருந்தால் பதினொன்றாம் வகுப்புக்குத் தில்லிக்குள் வந்துவிடுவது நல்லது.

நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்குப் பிள்ளையைப் பிளஸ் 1-இல் அனுப்பிவிடலாமா என்று யோசிக்கும் பெற்றோரும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். என்.ஐ.டி. எனப்படும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநில மாணவர்களுக்கு உரியவை; அந்த மாநிலம் எது என்பதும் பிளஸ் 2 தேறிய இடத்தை வைத்தே முடிவாகிறது. தமிழ்நாட்டில் பிளஸ் 2 முடித்தவருக்குத் திருச்சி என்.ஐ.டி. சொந்த மாநிலக் கல்லூரி. தில்லியில் முடித்தவருக்குத் தில்லி என்.ஐ.டி. ஐ.ஐ.டி.க்களில் இந்தப் பாகுபாடு கிடையாது. மறுபுறம், தில்லியிலேயே படித்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டின் வாசல் அடைபட்டுவிடுவதில்லை: தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை நுழைவுத் தேர்வு இல்லாமல் பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்தே நடைபெறுவதால், தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டு வெளி மாநிலத்தில் படித்தவர், நேட்டிவிட்டி எனப்படும் பிறப்பிடச் சான்றிதழைக் காட்டி அதில் கலந்துகொள்ளலாம். ஆக, தில்லிப் பள்ளியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டு வாசல்களும் திறந்திருக்கின்றன. விடுதிக்கு அனுப்பினால் தில்லி வாசல் மூடிவிடும். குடும்பச் சூழல் கட்டாயப்படுத்தினாலொழிய அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

பிறப்பிடச் சான்றிதழைத் தமிழ்நாட்டு வருவாய்த் துறைதான் வழங்கும் என்பதால், பதினொன்றாம் வகுப்பு முடிந்து கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதே வாங்கிவிடுவது உசிதம். சாதிச் சான்றிதழில் கூடுதல் கவனம் தேவை. தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று வழங்கப்படும் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் உங்கள் சமூகத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயர் எனப்படும் வசதி படைத்த பிரிவுக்கு உட்படாதவர் என்ற குறிப்போடு தனியாக வாங்க வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகம் அதைச் சேர்க்கை ஆண்டின் ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிந்தைய தேதியில் கேட்கிறது. தில்லி அரசுக்கென்று வேறொரு ஓ.பி.சி. பட்டியல் இருப்பதால், மாநில ஒதுக்கீட்டை நாடுபவர்கள் அதையும் பார்க்க வேண்டும்.

பயிற்சி மையங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ.க்குக் காலூ சராய், பட்டயக் கணக்காளர் படிப்பான சி.ஏ.வுக்கு லட்சுமி நகர் என்று நகரமே பிரித்து வைத்திருக்கிறது. கட்டணம் கட்ட இயலாதவர்களுக்கு, கான்பூர் ஐ.ஐ.டி.யும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து நடத்தும் சாத்தி இணையதளத்தில் ஜே.இ.இ., நீட் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் பெயருக்குச் சேர்த்துக்கொண்டு வகுப்புக்கு வரவேண்டாம் என்று சொல்லும் டம்மி பள்ளிகளின் பக்கம் போகாதீர்கள். சி.பி.எஸ்.இ. 75 சதவீத வருகையை வலியுறுத்துகிறது. 2024 நவம்பரில் இத்தகைய 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை நீக்கியும் இருக்கிறது. தவிரவும், என்.ஐ.டி. சேர்க்கைக்குப் பொதுப் பிரிவினர் பிளஸ் 2-வில் 75 சதவீத மதிப்பெண்ணோ, தம் வாரியத்தின் முதல் 20 சதவீதத்தினருக்குள் இடமோ பெற்றிருக்க வேண்டும் என்பதால் பள்ளிப் பாடத்தை ஒதுக்கிவிட முடியாது.

பல்கலைக்கழகப் பட்டம் ஒன்றே வழி என்று நினைக்கவும் வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு முடித்ததும் பூசா ஐ.டி.ஐ. போன்ற தொழிற்பயிற்சி நிலையங்களிலோ, டிப்ளமா படிப்பிலோ சேரலாம்; டிப்ளமா முடித்தவர்கள் பி.டெக். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியும் உண்டு. சி.ஏ. படிப்பதானால் பிளஸ் 2-வுக்குப் பின் அதன் முதல் நிலைத் தேர்வை எழுதலாம். அத்தேர்வு 2024 முதல் ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. வழங்கும் தரவு அறிவியல் பி.எஸ். பட்டத்துக்கு ஜே.இ.இ. தேவையில்லை என்பதால், தில்லிக் கல்லூரி ஒன்றில் படித்துக்கொண்டே அதையும் சேர்த்துப் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பின் பிற்பகுதி நெருக்கடியானது. ஜே.இ.இ. மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும், வாரியத் தேர்வு பிப்ரவரி நடுவிலிருந்தும், நீட் பெரும்பாலும் மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமையிலும், கியூட் அதைத் தொடர்ந்தும் வரும். பொறியியலை நம்பியிருப்பவர்களும் கியூட் விண்ணப்பத்தைத் தவறவிடக் கூடாது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல், கணித ஆனர்ஸ் படிப்புகள் அவர்களுக்கு நல்ல மாற்றுவழி.

கியூட் முடிவு வந்த பின் தில்லிப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தளத்தில் படிப்பையும் கல்லூரியையும் இணைத்து விருப்ப வரிசை தர வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் தரலாம் என்பதால் தகுதியுள்ள எல்லாவற்றையும் நிரப்புங்கள். ஆனால் கிடைக்குமா என்று கணித்து அல்லாமல், எது உண்மையில் அதிகம் வேண்டுமோ அதை மேலே வையுங்கள். முதல் சுற்றில் ஒதுக்கப்பட்ட இடத்தைக் குறித்த காலத்துக்குள் ஏற்காவிட்டால் அடுத்த சுற்றுகளில் இடம் கிடைக்காது. ஏற்றுக்கொண்டு மேம்படுத்தக் கோரினால், வரிசையில் மேலே உள்ள இடம் காலியாகும்போது பழைய இடம் தானாகவே போய்ப் புதியது வந்துவிடும். கிடைத்த இடமே போதும் என்று தோன்றினால், அதை உறுதிசெய்து வரிசையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.