மேய்ச்சல் புல் வெள்ளத்தில் போனால் உதவிக்கு மனு போடுவது எப்படி

2021 டிசம்பரில் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலம் வெள்ளத்தில் கிடந்தபோது பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் எங்கள் 14 மாடுகளும் பிழைத்துக்கொண்டன. பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல வருடம் ஆனாலும் எங்களுக்கு அது பெர்ஜுந்தைதான். மாடு இருந்தது, புல் இல்லை. செம்பனை வரிசைகளுக்கு நடுவே இருந்த மேய்ச்சல் முழுக்கச் சேறு. மனு போட்டு அலைந்து கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

வீட்டுக்குத் தண்ணீர் வந்தவர்களுக்குக் கொடுத்த 1,000 வெள்ளி (ரிங்கிட்) வேறு, கால்நடைக்கான உதவி வேறு. இரண்டாவதற்கு மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்துக்குப் போகவேண்டும்.

முதல் வேலை படம். தண்ணீர் வடிந்த அன்றே எடுங்கள். பதினைந்து நாளில் புல் மறுபடி தலைகாட்டிவிடும், அப்புறம் யாரும் நம்பமாட்டார்கள். சேற்றில் ஒரு குச்சியை ஊன்றி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று தெரியும்படி எடுங்கள். எங்கள் குச்சி ஒரு சாண் இறங்கியது. தேதியும் இடமும் படத்திலேயே பதியும் கேமரா செயலி இருந்தால் நல்லது. கணக்கு எழுத மட்டும் நான் கோடு போட்ட நோட்டைத்தான் நம்புவேன். கைப்பேசி நனைந்தால் எல்லாம் போய்விடும்.

இரண்டாவது, மாட்டுக் கணக்கு. காதுத் தகட்டு எண், பசுவா காளையா, வயது. தகடு போடாத கன்றுகளைத் தனியாக எழுதி, அதிகாரி வரும்போது நேரில் காட்டுங்கள்.

மூன்றாவதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். "நிலம் யாருடையது?" என்று கேட்டார்கள். முப்பது வருடமாக அப்பா மேய்த்த இடம் என்றேன். அது பதில் ஆகவில்லை, மனு திரும்பி வந்தது. தோட்ட நிலம் கம்பெனியுடையது, நம்மிடம் இருப்பது வாய்ச்சொல் அனுமதி மட்டும். கிராணியை (தோட்ட அலுவலக எழுத்தரை) பிடித்து, மானேஜர் கையெழுத்தோடு கடிதம் வாங்கினேன். எந்த பிளாக், எத்தனை ஏக்கர், எந்த வருடத்திலிருந்து மேய்க்கிறோம் என்ற மூன்றும் அதில் இருக்கவேண்டும். இதை வெள்ளத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள். வெள்ளம் வந்தபின் மானேஜருக்கு ஆயிரம் வேலை.

அமெரிக்காவில் மேய்ச்சல் இழப்புக்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது, 2014 விவசாயச் சட்டத்தில் நிரந்தரமானது. வியாழன்தோறும் வெளியாகும் வறட்சி வரைபடத்தில் அவரவர் மாவட்டம் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதை வைத்துத் தொகை முடிவாகும். அங்கேயும் நிலம் சொந்தமாகவோ குத்தகையாகவோ இருக்கவேண்டும். ஆனால் அது வறட்சிக்கும், அரசு நிலத்தில் பிடிக்கும் தீக்கும்தான். வெள்ளத்துக்கு இல்லை. நமக்கோ வெள்ளம்தான் எதிரி, நம் இழப்பை நாமே காட்டவேண்டும்.

நான்காவது, தீவன ரசீது. புல் இல்லாத நாட்களில் வாங்கிய பி.கே.சி. எனும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு, வெட்டி வந்த நேப்பியர் புல், லோரி வாடகை, எல்லாவற்றுக்கும் சீட்டு வாங்குங்கள். கடைக்காரர் வெறும் தாளில் எழுதித் தந்தால் கடை முத்திரை கேளுங்கள்.

பிறகு மனு, அடையாளக் கார்டு நகல், வங்கிக் கணக்கு, போலீஸ் புகார் நகல். எல்லாவற்றிலும் இரண்டு செட்.

பின்சேர்க்கை: பேராக்கிலிருந்து ஓர் அக்கா கேட்டிருந்தார், மேய்ச்சல் அனுமதி மாமனார் பெயரில், ஆடுகள் இவர் பெயரில், என்ன செய்வது என்று. கடிதத்தில் இருவர் பெயரையும் போடச் சொல்லுங்கள் அக்கா. மாமனார் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.