விருந்தை மறையுங்கள், பிறந்தநாளை மறைக்காதீர்கள்

என் கணவருக்கு நான் முதன்முதலில் வைத்த சர்ப்ரைஸ் பார்ட்டியில் ரகசியம் கொஞ்சமும் கசியவில்லை. கோளாறே அங்கேதான். காலையில் எழுந்ததிலிருந்து நான் வாழ்த்துச் சொல்லவில்லை. மறந்துவிட்ட மாதிரி நடித்தேன், மகனையும் நடிக்க வைத்தேன். நண்பர்களிடம் "போன் பண்ணிவிடாதீர்கள், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி வைத்திருந்தேன். ஏழு மணிக்கு அவர் கதவைத் திறந்ததும் இருபது பேர் கத்தினோம். மனுஷர் சிரித்தார்தான். எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, "ஒருத்தருக்குக்கூட ஞாபகம் இல்லையேன்னு மத்தியானம் முழுக்க யோசிச்சிட்டு இருந்தேன்" என்றார். பன்னிரண்டு மணி நேரம் வாட வைத்துவிட்டு மூன்று மணி நேரம் கொண்டாடியிருக்கிறேன்.

அதற்கப்புறம் அவருடைய நாற்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு முறை வைத்தேன். நாத்தனார் தன் வீட்டுக்காரருக்கு வைத்தபோதும் கூடமாட நின்றேன். இரண்டிலும் நாங்கள் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: வாழ்த்து, பரிசு, காலைக் கட்டிப்பிடிப்பு எல்லாம் வழக்கம்போல நடக்கட்டும், கூட்டம் வரப்போவது மட்டும் தெரியாமல் இருக்கட்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. வீட்டில் எல்லோரும் ஒரேயடியாக மறந்துபோனால்தான் சந்தேகம் வரும். காலையிலேயே பரிசைக் கொடுத்துவிட்டால், இந்த வருடம் இவ்வளவுதான் போல என்று அவரே கணக்கை முடித்துக்கொள்வார்.

முதலில், உங்கள் ஆளுக்கு இது பிடிக்குமா என்று பாருங்கள். நேரே கேட்டால் காட்டிக்கொடுத்துவிடும். யாருக்கோ இப்படி நடந்ததாகப் பேச்சுவாக்கில் சொல்லிப் பாருங்கள். "அடடே, யார் யார் வந்தார்கள்?" என்று கேட்டால் தாராளமாகச் செய்யலாம். "பாவம், அந்த மனுஷன் என்ன பாடுபட்டிருப்பான்" என்றால் அதோடு விட்டுவிட்டு நான்கு பேரோடு அமைதியாகக் கொண்டாடுங்கள். எல்லோரும் தன்னையே பார்ப்பது சிலருக்குத் தண்டனை. சர்ப்ரைஸ் பிடிப்பது யாருக்கு, அவருக்கா உங்களுக்கா என்று ஒரு தடவை உங்களையே கேட்டுக்கொள்வதும் நல்லது. எனக்கு அதில் கொஞ்சம் உறுத்தல் இருந்தது.

தேதியைப் பிறந்தநாளன்றே வைக்க வேண்டியதில்லை. அன்றைக்கு எவருமே கொஞ்சம் உஷாராகத்தான் இருப்பார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை சௌகரியம். பிந்தி வைத்தால், அசல் நாளில் சப்பென்று இருந்ததை நினைத்து அவர் வருத்தப்பட்டு முடித்திருப்பார். அவருடைய வேலை நிலவரத்தை ஒரே ஒரு சக ஊழியரிடம் மட்டும் விசாரியுங்கள். வெளியூர் பயணம், இரவு ஷிஃப்ட், தலைபோகிற கெடு ஏதாவது குறுக்கே வந்தால் தேதியை மாற்றிவிடுங்கள்.

விருந்தாளிப் பட்டியலில்தான் நான் நன்றாக ஏமாந்தேன். நாற்பதாவதுக்கு முதலில் எழுதியதில் முப்பத்தொரு பெயர். நிதானமாகப் பார்த்தால் பதினான்கு பேர் என் ஆட்கள். என் தோழிகள், அவர்கள் கணவர்கள், நான் பதில் மரியாதை செய்ய வேண்டியவர்கள். அடித்துத் திருத்திப் பதினெட்டுக்குக் கொண்டுவந்தேன். அவர் தானாகப் போன் எடுத்துப் பேசுகிறவர் யார், யார் பெயரைச் சொன்னால் முகம் மலர்கிறது, இதுதான் அளவுகோல். வருடக்கணக்காகப் பார்க்காத பழைய நண்பர் ஒருவர் வந்தால், பத்துப் பேர் வந்ததற்குச் சமம்.

விஷயத்தை எல்லோருக்கும் ஒரே நாளில் சொல்லாதீர்கள். கூட வேலை செய்யப்போகிற இரண்டு பேருக்கு ஒரு மாதம் முன்னால். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அவர்கள் டிக்கெட் எடுக்கும் நேரத்தில். மற்றவர்களுக்கு ஒரு வாரம் போதும். சின்னப் பிள்ளைகளுக்கு, விருந்தாளிகள் வந்து இறங்கும்போது. நான் ஒருநாள் முன்னதாகச் சொல்லிவிட்டேன். ஆறு வயது மகள் ராத்திரி அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அப்பா, நாளைக்கு நம்ம வீட்ல ஒண்ணுமே இல்லை, தெரியுமா?" என்றாள். நல்லவேளை, அவர் பாதித் தூக்கத்தில் இருந்தார்.

இந்தக் காலத்தில் ரகசியத்தைக் கெடுப்பது வாய் இல்லை, போன்தான். வாட்ஸ்அப் குழுவுக்கு 'பிறந்தநாள் சர்ப்ரைஸ்' என்று பெயர் வைத்தால், ஒவ்வொரு செய்தி வரும்போதும் உங்கள் திரையில் அந்தப் பெயர்தான் மின்னும். நான் 'தண்ணீர்த் தொட்டி' என்று வைத்தேன். ஒருநாள் அவர் கண்ணில் பட்டது. "தொட்டி கழுவ இத்தனை பேரா?" என்றார். "செலவைப் பிரிக்கணுமே" என்றேன். சலிப்பூட்டும் பெயருக்கு அவ்வளவு சக்தி. குழுவில் அட்மின் மட்டுமே செய்தி அனுப்பும்படி அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பதினெட்டுப் பேரும் 'சூப்பர்' போட்டு உங்கள் போனை அலற விடுவார்கள். 2023இல் வாட்ஸ்அப்பில் வந்த சாட் லாக் வசதியைப் போட்டால், யார் அனுப்பினார்கள், என்ன எழுதினார்கள் என்பது நோட்டிஃபிகேஷனில் தெரியாது. இதையெல்லாம் செய்துவிட்டு, வீட்டு லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் திறந்தே கிடப்பதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்திருக்கிறேன். முக்கியமாக, குழுவில் ஆள் சேர்க்கும்போது அவர் பெயரையே தவறித் தட்டிவிட வேண்டாம்.

இருவருக்கும் பொதுவான வங்கிக் கணக்கு என்றால், பணம் போன குறுஞ்செய்தி அவர் போனுக்கும் போகும். இடத்துக்கு முன்பணம், கேக், அலங்காரம் எல்லாவற்றையும் நாத்தனார் கட்டினார். பிறகு கணக்குத் தீர்த்தேன். பகிர்ந்து வைத்திருக்கும் காலண்டர், ரசீது வந்து விழும் பொது மின்னஞ்சல், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று காட்டும் லொகேஷன், வீட்டில் எல்லோரும் புரட்டும் டேப்லெட்டின் தேடல் வரலாறு, இவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். லொகேஷனைத் திடீரென்று அணைப்பதும் சந்தேகம்தான். அலைய வேண்டிய வேலையை வேறொருவரிடம் விடுவது சுலபம்.

சரி, அவரை அங்கே எப்படிக் கொண்டுவருவது? நம்பும்படியாக ஒரு சின்னப் பொய் வேண்டும். அது அலுப்பூட்ட வேண்டும், வேறொருவர் தலையில் இருக்க வேண்டும், ஒரு வரியில் முடிய வேண்டும். "சனிக்கிழமை உங்கள் அக்கா வீட்டுக்காரர் நம் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்." அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று விவரம் சேர்க்கச் சேர்க்க முடிச்சு அவிழும். நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பும்படியான காரணமாகவும் இருக்கட்டும். குழாய் ரிப்பேர் என்று கூப்பிட்டால், கசங்கிய பனியனோடு நண்பர்கள் நடுவில் வந்து நிற்பார், எல்லாப் படத்திலும் அந்தப் பனியன் இருக்கும்.

உடம்பு சரியில்லை, விபத்து, குழந்தையைக் காணவில்லை என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள். பதறிக்கொண்டு ஓடி வருகிறவர் முன்னால் பலூன் வெடிப்பது விளையாட்டே இல்லை. எத்தனை பேர் சிரித்தாலும் எனக்கு அது பிடிப்பதில்லை.

விருந்தாளிகளுக்குச் சொல்லும் நேரம், அவர் வரும் நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாக இருக்கட்டும். அவருக்கு அடையாளம் தெரிந்த வண்டிகளைத் தெருமுனைக்கு அப்பால் நிறுத்தச் சொல்லுங்கள். தாமதமாக வருகிறவர்தான் பெரிய ஆபத்து. நாத்தனார் வீட்டு விழாவில் ஒருவர் பரிசுப்பொட்டியோடு லிஃப்டில் ஏற, உள்ளே விழா நாயகரே நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து எங்கள் சட்டம்: குறித்த நேரம் தாண்டிவிட்டால் வெளியிலேயே இருங்கள், அவர் உள்ளே போய்விட்டார் என்று செய்தி வந்த பிறகு வாருங்கள். அழைத்து வருபவர் இரண்டு செய்தி அனுப்பினால் போதும். கிளம்பும்போது ஒரு புள்ளி, ஐந்து நிமிடத் தூரத்தில் இரண்டு புள்ளி. தட்டச்சு செய்துகொண்டே இருந்தால் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார். வண்டி ஓட்டுகிறவரே இந்த வேலையையும் செய்யக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விளக்கை அணைத்துவிட்டுக் கத்துவது எனக்கு இப்போது ஒப்புவதில்லை. இருட்டில் குழந்தைகள் அழும், யாராவது நாற்காலியில் இடித்துக்கொள்வார்கள். இதய நோய் உள்ளவருக்கும், சட்டென்று பதறிப்போகிறவருக்கும் அறவே வேண்டாம். நாற்பதாவதுக்கு எல்லோரும் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே வந்தவர், தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் திரும்பிப் போகப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு முகமாக அடையாளம் கண்டுகொண்டார். அந்தப் பத்து விநாடிதான் எனக்கு வேண்டியிருந்தது. வீடியோ எடுக்க ஒருவரை மட்டும் நியமியுங்கள். பதினெட்டுப் பேரும் போனைத் தூக்கினால் அவருக்கு முகங்கள் தெரியாது, போன்கள்தான் தெரியும்.

உடனே கேக் முன்னால் இழுத்துப்போய் நிறுத்தாதீர்கள். ஐந்து நிமிடம் முகம் கழுவிவிட்டு வர விடுங்கள். யாரோடு முதலில் பேசுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். உரை நிகழ்த்தச் சொல்லி வற்புறுத்துகிற ஒரு ஆள் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவரை முன்கூட்டியே அடக்கி வையுங்கள்.

நடுவிலேயே தெரிந்துவிட்டால் என்ன? அழ வேண்டாம், இன்னொரு பொய்யால் மூடவும் வேண்டாம். "ஆமாம், பார்ட்டிதான். யார் வருகிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். நாத்தனார் வீட்டில் லிஃப்ட் சம்பவத்துக்குப் பிறகு அதைத்தான் சொன்னோம். உள்ளே அவருடைய பள்ளிக்கூட நண்பர் உட்கார்ந்திருப்பார் என்று அவர் நினைக்கவேயில்லை.

விழா முடிந்த இரவு, வந்தவர்கள் எடுத்த படங்களை எல்லாம் பார்க்கட்டும் என்று என் கணவரையும் அந்த வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டேன். பெயரை மாற்ற அவர் விடவில்லை. இப்போதும் யாருக்காவது பிறந்தநாள் என்றால், வாழ்த்து 'தண்ணீர்த் தொட்டி'யில்தான் வந்து விழுகிறது.