பிக்கப், லாகின், செக்கவுட்: ஒட்டிக்கொண்ட ஆங்கில வினைகளைப் பிரித்துப் பேசுவோம்

"ஸ்டேஷன்ல வந்து உன்னைப் பிக்கப் பண்ணிக்கிறேன்" என்று தமிழில் சொல்கிறோம். அதையே ஆங்கிலத்தில் சொல்லப்போனால் பலருக்கும் "ஐ வில் பிக்கப் யூ" என்றுதான் வாயில் வருகிறது. அது தவறு. "ஐ வில் பிக் யூ அப்" என்பதுதான் சரி. 'யூ' நடுவில் போய் உட்கார வேண்டும்.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது? பிக்கப், லாகின், செக்கவுட், செட்டப் எல்லாம் நம்மிடம் ஒரே சொல்லாக ஒட்டி வந்து சேர்ந்தவை. பின்னால் ஒரு 'பண்ணு' போட்டால் போதும், தமிழாகிவிடும். ஆங்கிலத்தில் இவற்றை வினையாகச் சொல்லும்போது இரண்டு சொற்கள்: ஒரு வினை, கூடவே அப், இன், ஆஃப் மாதிரி ஒரு குட்டிச் சொல். இந்த ஜோடிக்குத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர்.

படி 1: முதலில் வினையின் உருவங்கள்

டேக், டேக்ஸ், டுக், டேக்கன், டேக்கிங். ஒரு வினைக்கு அதிகபட்சம் இப்படி ஐந்து உருவம் (இஸ், வாஸ் என்றெல்லாம் மாறும் 'பி' என்ற வினை மட்டும் விதிவிலக்கு, அதற்கு எட்டு). 'ஹேவ்' முன்னால் வந்தால் டேக்கன். 'வில்', 'கேன்', 'டிட்' வந்தால் வெறும் டேக்.

'டிட்' விஷயத்தில்தான் அதிகம் சறுக்குகிறோம். "ஐ டிட் நாட் வென்ட்" தவறு, "ஐ டிட் நாட் கோ" சரி. தமிழில் 'போனேன்' என்பதற்கு எதிர்மறை என்ன? 'போகவில்லை'. 'போன' என்ற இறந்தகால உருவம் அங்கே வருவதில்லை, காலம் காட்டாத 'போக'தான் வருகிறது. ஆங்கிலமும் அப்படியே. காலத்தை 'டிட்' சுமந்துவிட்டது, அதனால் வினை வெறுமனே நிற்கிறது.

படி 2: மாறுவது வினை மட்டுமே

"ஐ லாகின்டு" என்று அலுவலகங்களில் தினமும் கேட்கலாம். குட்டிச் சொல் எப்போதும் மாறாது. எனவே "ஐ லாக்டு இன்". அதேபோல கிவ் அப், கேவ் அப், கிவன் அப்.

எழுதும்போதும் இதைக் கவனியுங்கள். 'லாகின்' என்று சேர்த்து எழுதினால் அது பெயர்ச்சொல், 'லாகின் பேஜ்' என்பதில் வருவது போல. "ப்ளீஸ் லாக் இன்" என்று செய்யச் சொல்லும்போது நடுவே இடைவெளி வேண்டும்.

படி 3: பொருளை ஜோடியாகவே பிடியுங்கள்

'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. ஆனால் 'கிவ் அப்' என்றால் கைவிடு. இது அநியாயம் என்று தோன்றினால் நம் 'கைவிடு'வைப் பாருங்கள். கையும் விடுவதும் தெரிந்த ஒருவர் அதிலிருந்து இந்தப் பொருளை ஊகிக்க முடியுமா? 'கண்டுபிடி' என்பதில் எதைப் பிடிக்கிறோம்? 'புட் ஆஃப்' என்பது அப்படியே நம் 'தள்ளிப்போடு'. இந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல, அதனால் பயமே வேண்டாம்.

படி 4: எதை நடுவில் வைப்பது?

இதுதான் முக்கியமான இடம், நிதானமாகப் படியுங்கள். "டர்ன் ஆஃப் த லைட்", "டர்ன் த லைட் ஆஃப்" இரண்டும் சரி. ஆனால் 'லைட்'டுக்குப் பதில் 'இட்' வந்துவிட்டால் ஒரே வழிதான்: "டர்ன் இட் ஆஃப்". 'டர்ன் ஆஃப் இட்' கூடாது. இட், ஹிம், ஹெர், யூ, தெம் எல்லாவற்றுக்கும் இதே கதை.

சில ஜோடிகளைப் பிரிக்கவே முடியாது. "லுக் ஆஃப்டர் ஹெர்" என்றால் அவளைக் கவனித்துக்கொள். இங்கே 'ஹெர்' கடைசியில்தான் வரும். லுக் ஃபார், ரன் இன்டு, புட் அப் வித் ஆகியவையும் அப்படியே. எது பிரியும், எது பிரியாது என்று பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். லாங்மேன் அகராதியைத் திறந்தால், பிரியக்கூடிய ஜோடிகளில் இருபக்கமும் முனையுள்ள ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். நோட்டில் எழுதும்போதும் 'பிக் அப்' என்று எழுதாமல் 'பிக் ஹிம் அப்' என்றே எழுதி வையுங்கள். இடம் தானாகப் பழகிவிடும்.

படி 5: அடுத்து இன்னொரு வினை வந்தால்

'கிவ் அப்', 'புட் ஆஃப்' ஆகியவற்றுக்குப் பின் வரும் வினைக்கு 'இங்' சேர்க்க வேண்டும்: "ஹி கேவ் அப் ஸ்மோக்கிங்". வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதங்களில் "லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ" என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், நல்ல கடிதத்தின் கடைசி வரியில் போய் இப்படி. "டு மீட்டிங் யூ" என்பதே சரி. அந்த 'டு'வுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள்: "லுக்கிங் ஃபார்வர்ட் டு த இன்டர்வியூ". பொருந்துகிறதா? அப்படியானால் வினை வரும்போது 'இங்' வேண்டும்.

சரி, இப்போது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'ஃபேனை நிறுத்தினேன்': "ஐ டர்ன்டு ஆஃப் த ஃபேன்". 'அதை நிறுத்தினேன்': "ஐ டர்ன்டு இட் ஆஃப்". 'அதை நிறுத்தவில்லை': "ஐ டிட் நாட் டர்ன் இட் ஆஃப்". மூன்றாவது தடங்காமல் வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், அப்புறம் ஃபேனை எடுத்துவிட்டு டிவியை வையுங்கள்.