கந்தோர் முடிந்து வந்து கொப்பி கட்டுவது எப்படி?

கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்கு வேலை. பஸ்ஸில் தொங்கி வெள்ளவத்தைக்கு வந்து, சாப்பிட்டு, மகளைப் படுக்க வைத்தால் எட்டரை ஆகிவிடும். அதற்குப் பிறகு மிஞ்சும் இரண்டு மணித்தியாலத்தில்தான் கொப்பி கட்டுகிறேன்.

தொடங்கியது 2022 மார்ச்சில். அந்த மாத முடிவில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. டிவி இல்லை, ஃபேன் இல்லை. ஊசி நூலுக்கு மட்டும் கரண்ட் தேவைப்படவில்லை. கடதாசிக்கும் தட்டுப்பாடு. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே பிற்போட்டார்கள். பழைய டயரிகளில் எழுதாத தாள்களைக் கழற்றி, மெழுகுதிரி வெளிச்சத்தில் மகளுக்கு ஒரு கொப்பி தைத்தேன். இப்போது மாதம் பத்துப் பன்னிரண்டு விற்கிறது.

ஏ5 அளவு, 96 பக்கம், தடித்த அட்டை. அதைத்தான் இங்கே விளக்குகிறேன். ஒரே இரவில் முடிக்கப் பார்க்காதீர்கள், நாலு இரவு எடுங்கள்.

சாமான்

80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம்) ஏ3 தாள் 12, கொப்பியை அட்டையோடு இணைக்கும் முன்பின் ஒட்டுத்தாளுக்குக் கொஞ்சம் தடித்த ஏ3 தாள் ஒன்று, 2 மில்லிமீற்றர் கிரே போர்ட் (சாம்பல் நிறத் தடித்த அட்டை), சப்பாத்துத் தைக்கும் நூல், ஊசி, குத்தூசி, மெழுகுதிரித் துண்டு, அட்டைக்குத் துணி. புறக்கோட்டை மலிபன் வீதியில் ஒரு சனிக்கிழமை காலை போனால் கடதாசிச் சாமான் எல்லாம் முடிந்துவிடும். மடிப்பை அழுத்த எலும்புக் கருவி என்று ஒன்லைனில் விற்பதை வாங்க வேண்டாம், கரண்டியின் முதுகு போதும். கட்டர் பிளேட்டிலும் ஸ்டீல் அடிமட்டத்திலும் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

பசை என்றால் மரவேலைக்குப் பாவிக்கும் வெள்ளை பிவிஏ. கோதுமை மாவில் காய்ச்சச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கொழும்பு ஈரத்துக்கு அது பூஞ்சணம் பிடிக்கும், பூச்சியும் வரும்.

வாங்குவதற்கு முன் கிரெயின் (தாளில் நார் ஓடும் திசை)

என் முதல் ஓடர் பத்துக் கொப்பி. கந்தோரில் கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் மகளின் பிறந்தநாளுக்குக் கேட்டார். ஒரு கிழமையில் இரண்டைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அட்டை அப்பம் மாதிரி வளைந்திருந்தது. திறந்தால் பக்கங்கள் படியாமல் விறைத்து நின்றன. பசைதான் பிழை என்று மூன்று பசை மாற்றினேன். அழுத்தி வைக்கும் பாரத்தைக் கூட்டினேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் புறக்கோட்டையில் அச்சகம் நடத்தும் ஐயா ஒருவர் தாளைக் கையில் வாங்கி இரண்டு தரம் வளைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, கிரெயின் குறுக்கால போகுது" என்றார்.

தாள் ஆலையில் ஓடும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஓடுகிற திசையிலேயே படுக்கும். அந்தத் திசையில் மடித்தால் இலகுவாக மடியும். குறுக்கே மடித்தால் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஈரம் பட்டால் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். ஆகவே தாள், போர்ட், ஒட்டுத்தாள் எல்லாவற்றிலும் நார் கொப்பியின் முதுகுக்குச் சமாந்தரமாக, மேலிருந்து கீழே ஓட வேண்டும்.

வீட்டில்தான் ஒரு கட்டு ஏ4 இருக்கிறதே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் மாட்டினேன். ஏ4 தாளில் நார் பெரும்பாலும் 297 மில்லிமீற்றர் பக்கமாக ஓடும். ஏ5 ஆக மடிக்கும்போது மடிப்பு விழுவது 210 பக்கமாக, அதாவது நாருக்குக் குறுக்கே. நீளப்பக்கமாக நார் ஓடும் ஏ3 தாளை நடுவால் வெட்டுங்கள். கிடைக்கும் ஏ4இல் நார் 210 பக்கமாக இருக்கும், மடிப்பும் அதோடு போகும்.

கடையிலேயே சோதிக்கலாம். தாளை மடிக்காமல், இரண்டு பக்கமாகவும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்புக் குறைவோ, அந்த வளைவில் மடிப்பு விழக்கூடிய கோட்டின் வழியே நார் ஓடுகிறது. போர்ட்டில் இது இன்னும் நன்றாகத் தெரியும். சந்தேகமென்றால் வீட்டில் ஒரு சிறு சதுரத் தாளின் மேற்பக்கத்தை மட்டும் நனையுங்கள். அது குழாய் மாதிரிச் சுருளும். குழாயின் நீளம்தான் நாரின் திசை.

முதல் இரவு: 12 தாளையும் வெட்டி, நாலு நாலாகச் சேர்த்து மடித்தால் ஆறு கட்டு. பாரம் வைத்துவிட்டுப் படுங்கள்.

இரண்டாம் இரவு: ஒரு தாள்துண்டில் 15, 51, 87, 123, 159, 195 மில்லிமீற்றரில் குறியிட்டு, அதை வைத்தே எல்லாக் கட்டின் மடிப்பிலும் துளையிடுங்கள். மெழுகு தேய்த்த நூல் ஒன்றரை மீற்றர் போதும். உள்ளே வெளியே என்று தைத்து, ஒரு கட்டு முடிந்ததும் அடுத்ததை மேலே வைத்துத் தொடர்ந்து போய், மூன்றாம் கட்டிலிருந்து ஒவ்வொரு முனையிலும் கீழ்க்கட்டுகளுக்கு இடையால் ஊசியை விட்டு ஒரு கொழுவி போடுங்கள். நூலை முதுகின் நீளவாக்கில் இழுங்கள். வெளிப்பக்கமாக இழுத்தால் தாள் கிழியும்.

மூன்றாம் இரவு: ஒட்டுத்தாளையும் இரண்டாக வெட்டி மடித்து, முன்னும் பின்னும் மடிப்போரத்தில் 3 மில்லிமீற்றருக்குப் பசை பூசி ஒட்டுங்கள். முதுகுக்குப் பசை பூசி, பழைய வேட்டித் துண்டு ஒன்றை இரு பக்கமும் இரண்டு விரல் அகலம் நீட்டி ஒட்டுங்கள். போர்ட் இரண்டு, 216க்கு 145. முதுகுத் துண்டின் அகலம், தைத்த ஆறு கட்டின் மொத்தத் தடிப்போடு இரண்டு போர்ட்டின் தடிப்பு. துணியில் ஒட்டும்போது போர்ட்டுக்கும் முதுகுத் துண்டுக்கும் இடையில் 7 மில்லிமீற்றர் விடுங்கள். மூலையில் துணியைப் போர்ட்டை ஒட்டி வெட்டாமல் 3 மில்லிமீற்றர் தள்ளிச் சரிவாக வெட்டினால்தான் முனை மூடும்.

நாலாம் இரவு: வேட்டித் துண்டின் இரு சிறகுக்கும் ஒட்டுத்தாளுக்கும் மெல்லிய பசை பூசி அட்டைக்குள் வைத்து மூடுங்கள். உள்ளே இரு பக்கமும் பேக்கிங் பேப்பர் (கேக் சுடும்போது தட்டில் போடும் தாள்) செருகி, மேலே ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டு. விடியும் வரை திறக்கக் கூடாது. எனக்கும் ஆசைதான், பார்த்துப் பார்த்து இரண்டு கொப்பியைக் கெடுத்திருக்கிறேன்.

பிற்சேர்க்கை: கைத்தறித் துணியில் பசை ஊறி வெளியே கறை தெரிகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். நெசவு ஐதான துணி என்றால் அப்படி ஆகும். முதல்நாளே துணியின் பின்பக்கம் மெல்லிய டிஷ்யூ தாளைத் தண்ணிப் பசையில் ஒட்டிக் காயவிடுங்கள்.

இன்னொன்று: கந்தோரில் பிரச்சினை வராதா என்று கேட்ட தம்பிக்கு: நியமனக் கடிதத்தை எடுத்து வாசியுங்கள். வேறு தொழிலுக்கு அனுமதி வேண்டும் என்று என்னுடையதில் ஒரு வரி இருந்தது. மேலாளரிடம் ஒரு கொப்பியைக் காட்டி, ஈமெயிலில் அனுமதி வாங்கிவிட்டேன். அந்தக் கொப்பி திரும்பி வரவில்லை.