உலாவியிலிருந்தே ஒரு டிஎன்எஸ் சர்வரை நிர்வகிப்பது எப்படி: வெப்மின் அறிமுகம்

லினக்ஸ் சர்வர் ஒன்றை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களைப் பெரும்பாலும் மிரட்டுவது கறுப்புத் திரையல்ல, அமைப்புக் கோப்புகள்தான். ஓர் அரைப்புள்ளி விடுபட்டாலும் சேவை எழுந்திருக்காது. இந்த அச்சத்தைக் குறைக்கும் கருவிகளில் மிகப் பழையதும் இன்றும் நன்றாக இயங்குவதுமான ஒன்று வெப்மின். ஜேமி கேமரன் என்பவர் பெர்ல் மொழியில் எழுதி 1997-இல் வெளியிட்டது. அப்பாச்சி, பைண்ட், சாம்பா, போஸ்ட்ஃபிக்ஸ் என்று ஒவ்வொரு மென்பொருளுக்கும் இதில் தனித்தனி மாட்யூல் உண்டு. உலாவியில் படிவத்தை நிரப்பிச் சேமித்தால், அதற்குரிய கோப்பில் அது எழுதிவிடும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வெப்மின் தனக்கென்று ஒரு தரவுத்தளம் வைத்துக்கொண்டு அதிலிருந்து உங்கள் கோப்புகளை உருவாக்குவதில்லை. நீங்கள் கையால் திருத்தக்கூடிய அதே கோப்பைத்தான் படிக்கிறது, அதே கோப்பில்தான் எழுதுகிறது. அதனால் இன்று உலாவியிலும் நாளை முனையத்திலும் (கட்டளைகளைத் தட்டச்சிடும் திரையில்) மாறி மாறி வேலை செய்யலாம். கற்றுக்கொள்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. பொத்தானை அழுத்துங்கள், உடனே கோப்பைத் திறந்து என்ன மாறியது என்று பாருங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தப் பழக்கத்தை வைத்தே நகர்கிறது.

நிறுவுதல்

உபுண்டு அல்லது டெபியன் சர்வர் ஒன்று உங்களிடம் இருக்கிறது, எஸ்எஸ்எச் வழியாக நுழையவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். வெப்மினின் அதிகாரபூர்வத் தளத்தில், பதிவிறக்கப் பக்கத்திலேயே நிறுவும் கட்டளைகள் இருக்கின்றன. தொடக்கக் கட்டளைகள் அவர்களுடைய மென்பொருள் களஞ்சியத்தை உங்கள் சர்வரில் சேர்க்கின்றன. அதன்பின் மற்ற மென்பொருள்களைப் போலவே இதையும் நிறுவலாம், புதுப்பிக்கலாம். வேறு யாருடைய வலைப்பக்கத்திலிருந்தும் இந்தக் கட்டளைகளை நகலெடுக்காதீர்கள்.

நிறுவியபின் புதுப்பித்துக்கொண்டே இருப்பதும் அதே அளவு முக்கியம். 2019-இல் வெப்மினின் பதிவிறக்கக் கோப்புகளிலேயே யாரோ ஒரு பின்கதவை நுழைத்திருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. 1.890 பதிப்பை எந்த மாற்றமும் செய்யாமல் நிறுவியிருந்தாலே போதும், கடவுச்சொல் இல்லாமல் வெளியாள் கட்டளைகளை இயக்க முடிந்தது. 1.930 பதிப்பில் அது நீக்கப்பட்டது. ரூட் உரிமையோடு, அதாவது சர்வரில் எதையும் மாற்றக்கூடிய முழு உரிமையோடு இயங்கும் கருவி என்பதால், இதைப் புதுப்பிக்காமல் விடுவது மற்ற மென்பொருளைப் புதுப்பிக்காமல் விடுவதை விட ஆபத்தானது.

முதல் நுழைவு

வெப்மின் தனக்கான சிறிய இணைய சர்வரைத் தானே கொண்டுவருகிறது. ஆகவே அப்பாச்சி போன்ற எதுவும் முன்கூட்டியே தேவையில்லை. இயல்பாக அது 10000-ஆம் போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்றில்) காத்திருக்கும். உலாவியில் எச்டிடிபிஎஸ் என்று தொடங்கி, சர்வரின் முகவரி, ஒரு முக்காற்புள்ளி, 10000 என்று கொடுத்தால் நுழைவுப் பக்கம் வரும்.

அதற்கு முன் உலாவி ஓர் எச்சரிக்கை காட்டும். சான்றிதழை சர்வரே தனக்குக் கையெழுத்திட்டுக்கொண்டிருப்பதுதான் காரணம். முகவரி உங்கள் சர்வருடையதுதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு தொடரலாம். ரூட் கணக்கில் நுழையலாம். உபுண்டுவில் ரூட்டுக்குக் கடவுச்சொல் இருக்காது என்பதால், சூடோ மூலம் எல்லாக் கட்டளைகளையும் இயக்கும் உரிமையுள்ள உங்கள் வழக்கமான பயனர் பெயரையே கொடுக்கலாம்.

வேலைக்கு முன் கதவைச் சாத்துங்கள்

பல விளக்கங்கள் இந்தப் பகுதியைக் கடைசியில் ஒரு வரியாக வைக்கின்றன. எனக்கு அது சரியாகப் படவில்லை. 10000-ஆம் போர்ட் உலகத்துக்கே திறந்திருந்தால், உங்கள் ரூட் கடவுச்சொல்லை ஊகிக்க யார் வேண்டுமானாலும் உட்காரலாம். தொடர்ந்து தவறாக முயல்பவரை வெப்மின் சிறிது நேரம் தடுத்துவைக்கும், உண்மைதான். ஆனால் அதையே முழுப் பாதுகாப்பாக நம்பிவிட முடியாது.

இடதுபக்கப் பட்டியலில் வெப்மின் என்ற தலைப்பின் கீழ் "வெப்மின் கான்ஃபிகரேஷன்" இருக்கிறது. அதற்குள் "ஐபி ஆக்சஸ் கன்ட்ரோல்" பகுதியில், எந்த முகவரிகளிலிருந்து மட்டும் அனுமதி என்று எழுதலாம். உங்கள் இணைய இணைப்பின் முகவரி அடிக்கடி மாறும் என்றால் இது தொல்லை. அப்போது "போர்ட்ஸ் அண்ட் அட்ரசஸ்" பகுதியில், சர்வர் தன்னையே குறிக்கும் 127.0.0.1 முகவரியில் மட்டும் காத்திருக்குமாறு மாற்றிவிட்டு, எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாக நுழையுங்கள். உங்கள் கணினியின் 10000-ஆம் போர்ட்டை சர்வரின் 10000-ஆம் போர்ட்டோடு எஸ்எஸ்எச் இணைத்துவிடும். உலாவியில் சர்வரின் முகவரிக்குப் பதிலாக லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் போதும். வெளியுலகின் கண்ணுக்கு வெப்மின் இருப்பதே தெரியாது. இரண்டாம் வழியே என் தேர்வு. எஸ்எஸ்எச் சாவி வைத்திருப்பவருக்கு அதனால் கூடுதல் வேலை எதுவும் இல்லை.

பைண்டில் ஒரு மண்டலம்

பயிற்சிக்கு டிஎன்எஸ் சர்வரை, அதாவது இணையப் பெயர்களுக்குரிய ஐபி முகவரிகளைச் சொல்லும் சர்வரை, எடுத்துக்கொள்வோம். அந்த வேலையைச் செய்யும் பைண்ட் 9 மென்பொருளை நிறுவிய பிறகும் மாட்யூல் பட்டியலில் அது தெரியவில்லை என்றால், "ரெஃப்ரெஷ் மாட்யூல்ஸ்" என்பதை ஒருமுறை சொடுக்குங்கள். பயன்படாத மாட்யூல்கள் பட்டியலிலிருந்து அது "சர்வர்ஸ்" தலைப்புக்கு நகர்ந்துவிடும்.

பைண்ட் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் ஏற்கெனவே உள்ள மண்டலங்கள் தெரியும். ஒரு டொமைனுக்குரிய பதிவுகளின் தொகுப்பையே மண்டலம் என்கிறோம். அங்கேயே புதிய முதன்மை மண்டலத்தை உருவாக்கும் இணைப்பும் இருக்கும். படிவத்தில் மண்டல வகை "ஃபார்வர்டு" என்றே இருக்கட்டும். டொமைன் பெயராக எக்ஸாம்பிள்.காம் என்று கொடுங்கள். எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட பெயர் அது. பதிவுக் கோப்பின் இடத்தை வெப்மினே தீர்மானிக்கட்டும். முதன்மை சர்வரின் பெயரும் பொறுப்பாளரின் மின்னஞ்சலும் கேட்கப்படும். மற்றக் கட்டங்களை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

உருவாக்கியதும் ஐகான்கள் நிறைந்த பக்கம் வரும். "அட்ரஸ்" ஐகானுக்குள் சென்று, பெயர் கட்டத்தில் டபிள்யூடபிள்யூடபிள்யூ என்ற மூன்றெழுத்தையும், முகவரியாக 192.0.2.10 என்பதையும் கொடுத்துச் சேமியுங்கள். இந்த 192.0.2 தொடரும் விளக்கங்களுக்காக ஒதுக்கப்பட்டதுதான். தலைகீழ்த் தேடலுக்கான (முகவரியிலிருந்து பெயரைக் கண்டறிவதற்கான) பதிவையும் சேர்த்துப் புதுப்பிக்கவா என்று படிவம் கேட்கும். தலைகீழ் மண்டலம் எதுவும் இன்னும் உருவாக்காததால் அதை விட்டுவிடலாம்.

இப்போது "எடிட் ரெக்கார்ட்ஸ் ஃபைல்" மூலம் கோப்பைத் திறந்து பாருங்கள். முழுப் பெயர்களின் முடிவில் ஒரு புள்ளி இருக்கிறதா? டிஎன்எஸ் கோப்பில் அந்தப் புள்ளிதான் "பெயர் இங்கே முடிந்தது" என்று சொல்கிறது. புள்ளி இல்லாவிட்டால் மண்டலத்தின் பெயர் பின்னால் ஒட்டிக்கொள்ளும், எக்ஸாம்பிள்.காம்.எக்ஸாம்பிள்.காம் என்று விசித்திரமான ஒரு முகவரி பிறக்கும். புதியவர்களை அதிக நேரம் அலையவைக்கும் பிழை இதுவே. படிவத்தில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தோன்றும், கோப்பில் பார்த்தால்தான் அகப்படும்.

கோப்பின் தலைப்பில் ஒரு வரிசை எண்ணும் இருக்கும். மண்டலத்தின் நகலை வைத்திருக்கும் துணை சர்வர்கள் இந்த எண் கூடியிருந்தால் மட்டுமே புதிய பதிவுகளை எடுத்துக்கொள்ளும். படிவம் வழியாகப் பதிவை மாற்றும்போது வெப்மின் இந்த எண்ணைத் தானே கூட்டிவிடுகிறது. முனையத்தில் கையால் திருத்தினால் அது உங்கள் பொறுப்பு.

சேமித்தது போதாது

சேமித்தவுடன் மாறுவது கோப்பு மட்டும்தான். ஓடிக்கொண்டிருக்கும் பைண்டுக்கு அது இன்னும் தெரியாது. மேல் மூலையில் உள்ள "அப்ளை கான்ஃபிகரேஷன்" பொத்தானை அழுத்தினால்தான் அது கோப்புகளை மறுபடி படிக்கும். அதற்குமுன் "செக் பைண்ட் கான்ஃபிக்" என்பதைச் சொடுக்கிப் பிழை இல்லை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து, சர்வரிலேயே டிக் என்ற கட்டளையால் 127.0.0.1-ஐ நோக்கி நேரடியாகக் கேட்டுப் பாருங்கள். விடை வந்துவிட்டால் மகிழ்ச்சி. வராதபோது பதிலில் உள்ள நிலைச் சொல்லைக் கவனியுங்கள், பாதி நோயை அதுவே சொல்லிவிடும். என்எக்ஸ்டொமைன் என்றால் மண்டலம் இருக்கிறது, அந்தப் பெயர் இல்லை: எழுத்துப்பிழை, அல்லது அப்ளை செய்ய மறந்திருக்கிறீர்கள். சர்வ்ஃபெயில் என்றால் மண்டலக் கோப்பில் பிழை இருப்பதால் பைண்ட் அதை ஏற்றவே இல்லை என்று முதலில் சந்தேகியுங்கள். ரெஃப்யூஸ்டு என்றால் அந்த மண்டலத்தைப் பற்றி பைண்டுக்கு எதுவும் தெரியாது, அல்லது கேட்பவருக்கு அனுமதி இல்லை.

உள்ளே பதில் வந்து வெளியே வராவிட்டால் ஃபயர்வாலைப் பாருங்கள். டிஎன்எஸ் பயன்படுத்தும் 53-ஆம் போர்ட், யுடிபி, டிசிபி என்ற இரு தரவு அனுப்பும் முறைகளிலும் திறந்திருக்க வேண்டும். யுடிபியை மட்டும் திறந்துவிட்டுப் பெரிய பதில்கள் ஏன் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம். திறக்கும்போது இன்னொன்று: ஊர்பேர் தெரியாதவர்களுக்காக மற்ற டொமைன்களைத் தேடிக் கொடுக்கும் வேலையை உங்கள் சர்வர் செய்யக் கூடாது. அப்படிச் செய்யும் சர்வர்களைப் பிறர்மீது தாக்குதல் நடத்தப் பயன்படுத்துகிறார்கள். பைண்ட் இயல்பாகவே உள்வலையமைப்புக்கு மட்டும்தான் அந்தச் சேவையைத் தருகிறது. அதை எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்லும் குறிப்புகளைக் கண்டால் கடந்துபோங்கள்.

யார் எதை மாற்றினார்கள்

ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் நிர்வகிக்கும் சர்வர் என்றால், ரூட் கடவுச்சொல்லைப் பகிர வேண்டாம். "வெப்மின் யூசர்ஸ்" பகுதியில் ஒருவருக்கு பைண்ட் மாட்யூலை மட்டும், அதிலும் குறிப்பிட்ட மண்டலத்தை மட்டும் கொடுக்கலாம். "வெப்மின் ஆக்ஷன்ஸ் லாக்" ஒவ்வொரு செயலையும் பதிந்துவைக்கிறது. வெப்மின் கான்ஃபிகரேஷனில் உள்ள "லாக்கிங்" பக்கத்தில் கோப்பு மாற்றங்களையும் பதியச் சொன்னால், எந்த வரி போனது, எந்த வரி வந்தது என்பதுவரை காட்டும். இதை முதல் நாளே இயக்கிவிடுங்கள்.

வெளியே நின்றுவிட்டால்

அனுமதி முகவரிகளைத் தவறாக எழுதி, நுழைவுப் பக்கமே மறுக்கிறதா? எஸ்எஸ்எச் வழியாக உள்ளே சென்று, ஈடிசி அடைவுக்குள் வெப்மின் என்ற அடைவில் இருக்கும் மினிசர்வ் அமைப்புக் கோப்பைத் திறவுங்கள். அலவ் என்று தொடங்கும் வரியைத் திருத்துங்கள் அல்லது நீக்குங்கள், பிறகு வெப்மின் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். கடவுச்சொல் பிரச்சினை என்றால், வெப்மின் நிறுவப்பட்ட அடைவில் சேஞ்ச்பாஸ் என்ற பெர்ல் ஸ்கிரிப்ட் அதற்காகவே இருக்கிறது. எஸ்எஸ்எச் கதவை மட்டும் எந்தச் சூழலிலும் வெப்மின் வழியாக மாற்றிச் சோதிக்காதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமானால், ஏற்கெனவே திறந்திருக்கும் ஓர் எஸ்எஸ்எச் அமர்வை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொன்றில் நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகே முதலாவதை மூடுங்கள்.