சிந்திக்கக் கற்றுக்கொள்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பகுத்தறிந்து சிந்திக்கும் முறைகளைப் படித்தால் வாழ்க்கையில் முன்னேற முடியுமா என்று கேட்பவர்கள், பெரும்பாலும் வெற்றி பெற்றவர்களை மட்டும் பார்த்துப் பதில் தேடுகிறார்கள். பெரும் பணம் ஈட்டியவர்களில் பலர் நிகழ்தகவைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டார்கள். குடும்பச் சொத்தோ துணிச்சலோ அவர்களுக்குக் கைகொடுத்திருக்கும். அதே துணிச்சலால் அனைத்தையும் இழந்தவர்கள் நம் கண்ணில் படுவதில்லை.

இந்தப் படிப்பின் பயனை, நேராமல் போன இழப்புகளில்தான் தேட வேண்டும். 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முடிவெடுக்கும் திறனை அளக்கும் தேர்வில் நன்றாகச் செய்தவர்கள், வெயிலில் தோல் கொப்பளிப்பது முதல் திவாலாவது வரையிலான கெட்ட விளைவுகளைக் குறைவாகவே சந்தித்திருந்தார்கள். அறிவுத்திறன் வேறுபாட்டைக் கணக்கில் கொண்ட பிறகும் இத்தொடர்பு நீடித்தது. ஆயினும் தொடர்பு இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. சிந்தனைப் பயிற்சியை விற்பவர்களே இதை வசதியாக மறந்துவிடுவதுதான் வேடிக்கை.

எனக்கு மிகவும் கவலையளிக்கும் தவறு வேறொன்று. மனச்சாய்வுகளின், அதாவது நம் தீர்ப்பை ஒரே திசையில் தவறச் செய்யும் மனப்போக்குகளின், பெயர்களை மனப்பாடம் செய்தவர், அவற்றை அடுத்தவரின் வாதத்தில் உடனே கண்டுபிடித்துவிடுகிறார். தம்முடைய முடிவுகளில் தேடுவதே இல்லை. பிறரைவிடத் தமக்குச் சாய்வு குறைவு என்று மனிதர்கள் நம்புவதை எமிலி ப்ரோனினும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் காட்டினார்கள். அறிவுக்கூர்மை மிக்கவர்களுக்கும் இந்தக் குருட்டுப்புள்ளி குறைவதில்லை என்று 2012-இல் வெளியான மற்றோர் ஆய்வு தெரிவித்தது. மனச்சாய்வு பற்றிய ஆய்வுக்கு அடித்தளமிட்டு 2002-இல் நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன்கூட, இத்தனை ஆண்டு ஆய்வும் தம் உள்ளுணர்வைப் பெரிதாகத் திருத்திவிடவில்லை என்றே சொல்லிவந்தார்.

ஆகவே, படித்ததை ஒரு நடைமுறையாக மாற்றாமல் விடுவது பெரும் பிழை. விலை சரிந்துவரும் பங்கை விற்க மனமில்லாதவர், 'இதன் இன்றைய மதிப்பு கையில் ரொக்கமாக இருந்தால், இதே பங்கை வாங்குவேனா?' என்று தாளில் எழுதிப் பதிலளிக்கலாம். வேலை மாறுகிறவர், 'ஓராண்டுக்குப் பின்னும் இங்கே இருப்பேன் என்பதற்கு 70 சதவீத வாய்ப்பு' என்று தேதியுடன் குறித்துவைக்கலாம். எழுதாவிட்டால், 'இது எனக்கு முன்பே தெரியும்' என்று நினைவு பிற்பாடு நம்மை ஏமாற்றிவிடும். உலக நிகழ்வுகளை முன்கூட்டிக் கணிப்பதற்காக 2011-இல் தொடங்கிய போட்டியில் உளவியலாளர் ஃபிலிப் டெட்லாக்கின் குழு அளித்த ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயிற்சி, கணிப்பின் துல்லியத்தை 6 முதல் 11 சதவீதம் வரை உயர்த்தியது. சிறிய ஆதாயம்தான், ஆனால் அங்கே ஒவ்வொரு கணிப்பும் எண்ணாகப் பதிவாகி, முடிவு தெரிந்ததும் மதிப்பெண் பெற்றது.

எதற்கெடுத்தாலும் கணக்குப் போடுவதும் தவறே. எளிதில் மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவை உடனே எடுத்துவிடலாம். கடன், திருமணம், அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கே இத்தனை நிதானம் தேவை.